உண்ணத் தகுந்தது, சுவாசிக்கத் தகுந்ததா? – டைஅசிட்டைல் ஆராய்ச்சி பற்றி ஒரு மதிப்பீடு

வெண்ணெயை உருக்கும்போது எழும் மணத்தை விரும்பாதவர் நம்மில் அரியர். அம்மணத்தில் பெரும் பங்கு வகிக்கும் வேதிப்பொருளின் பெயர் டைஅசிட்டைல். நான்கு கார்பன் அணுக்கள், ஆறு ஹைட்ரஜன் அணுக்கள், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள், இவ்வளவுதான் அதன் மூலக்கூறு. பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதைத் தாமாகவே உண்டாக்குகின்றன. வெண்ணெயிலும் தயிரிலும் அது சிறிதளவு இருக்கிறது. தொழிற்சாலையில் அதையே தயாரித்து, வெண்ணெய் சேராத தின்பண்டங்களுக்கும் வெண்ணெய் மணம் ஊட்டுகிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் அதை உணவில் சேர்ப்பதற்குப் பொதுவாகப் பாதுகாப்பானவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

இதே பொருள்தான் நுரையீரலின் சிறு குழல்களை அழற்சியுறச் செய்து, தழும்பாக்கி, மூடிவிடுகிறது என்று 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் கூறுகின்றன. பட்டியலும் உண்மை, ஆராய்ச்சியும் உண்மை. இது எப்படி என்று நீங்கள் கேட்கலாம்.

இந்த ஆராய்ச்சியை இரு சாரார் இரு விதமாகப் படித்தார்கள். இந்த ஒரு பொருள்தான் காரணம் என்று ஐயமற நிரூபிக்கப்படவில்லை, ஆகவே பொறுத்திருப்போம் என்றனர் ஒரு சாரார். சோளப்பொரி தின்றாலே நுரையீரல் போய்விடும் என்று அஞ்சினர் மறு சாரார். இரு சாராரும் ஆராய்ச்சி சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. அது சரிதானா என்பதைச் சான்றுகளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

எந்தப் படலம்?

நுரையீரல் படலத்தில் அழற்சி என்று செய்தித்தாளில் படித்தால், எந்தப் படலம் என்று முதலில் கேட்க வேண்டும். நுரையீரலுக்கு வெளியே இரட்டை மடிப்பாகப் போர்த்தியிருக்கும் உறை ஒன்று உண்டு. கல்நார்த் தூசி போன்றவை தாக்கும் இடங்களுள் அது ஒன்று. டைஅசிட்டைல் விவகாரத்தில் பேசப்படுவது அந்த உறை அன்று. காற்று செல்லும் வழியெங்கும் உட்புறமாகப் பரவியிருக்கும் மேற்படலமே இங்கு நமக்குரியது. மூக்கிலிருந்து மூச்சுக்குழல், அதன் கிளைகள், கிளைகளின் கிளைகள் என்று காற்று நுண்ணறைகள் வரை அது தொடர்கிறது.

கிளைகள் பிரியப் பிரியக் குழலின் விட்டம் குறைகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள சிறுகுழல்களில் குருத்தெலும்பின் தாங்கல் கிடையாது. அங்குள்ள மேற்படலமும் மெல்லியது. இங்கே புண் ஏற்பட்டால் சாதாரணமாக அது ஆறிவிடும். புண் ஆழமாக இருந்தாலோ, ஆறுவதற்குள் மீண்டும் மீண்டும் ஏற்பட்டாலோ, அவ்விடத்தில் நார்த்திசு வளர்கிறது. கையில் சூடுபட்ட இடம் தழும்பேறி இறுகுவது போலக் குழலும் இறுகுகிறது. நாளடைவில் துளையே அடைபட்டுவிடும். இதனை அடைப்புச் சிறுகுழல் அழற்சி எனலாம்.

ஆஸ்துமாவிலும் குழல் சுருங்குகிறது. ஆனால் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் விரிகிறது. இந்நோயில் தழும்பு விரிவதில்லை. மார்பு எக்ஸ்ரே படமும் பல நேரங்களில் இயல்பாகவே காட்சியளிக்கும். ஆகவே மருத்துவர் ஆஸ்துமா என்றோ, புகைப்பவரின் மூச்சுநோய் என்றோ எண்ணிவிடுவது எளிது. ஒரு தொழிலாளியின் நோய் அவருடைய தொழிலோடு சேர்த்துப் பார்க்கப்படாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஜாஸ்பர் நகரில் நடந்தது

அமெரிக்காவின் மிஸ்ஸூரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்பது ஒரு சிற்றூர். அங்கே மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துப் பொரிக்கும் சோளத்தைப் பொட்டலமிடும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சூடேற்றிய பெரிய தொட்டியில் சோயா எண்ணெய், உப்பு, வண்ணம், வெண்ணெய் மணப்பொருள் ஆகியவற்றைக் கலப்பார்கள். தொட்டியின் மூடியைத் திறந்து மணப்பொருளை ஊற்றும்போது ஆவி குப்பென்று மேலெழும். கலவைக்காரர் அதன் நடுவே நின்று வேலை செய்வார்.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில், தொழில்சார் நோய்களைக் கவனிக்கும் மருத்துவர் ஒருவர், அத்தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர் எட்டுப் பேருக்கு நிலையான மூச்சுக்குழல் அடைப்பு இருப்பதாக மாநில சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். அவர்களுள் நால்வர் கலவைக்காரர்கள். மற்ற நால்வர் பொட்டலமிடும் பகுதியில் வேலை பார்த்தவர்கள். எட்டுப் பேரில் நால்வர் நுரையீரல் மாற்று அறுவைக்குப் பெயர் பதிந்து காத்திருக்கும் நிலைக்கு வந்திருந்தனர். ஒரே கூரையின் கீழ் உழைத்தவர்களுக்கு இத்தனை அரிய நோய் ஒன்று இவ்வாறு திரண்டு வருவது தற்செயலாக இருக்க முடியாது.

தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அவ்வாண்டு நவம்பரில் தொழிற்சாலைக்குள் நுழைந்தனர். அப்போது அங்கு வேலை செய்துகொண்டிருந்த 135 பேரில் 117 பேரைச் சோதித்தனர். கேள்விகள் கேட்டனர், ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சளவுக் கருவியில் ஊதச் செய்தனர். நாட்டு மக்களின் பொதுக் கணக்கோடு ஒப்பிட்டபோது, மூச்சுக்குழல் அடைப்பு எதிர்பார்த்ததைப்போல 3.3 மடங்கு காணப்பட்டது. வாழ்நாளில் புகைபிடிக்காதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 10.8 மடங்காக இருந்தது.

காற்றையும் அளந்தனர். ஏறத்தாழ நூறு வகை ஆவிப்பொருள்கள் அதில் கலந்திருந்தன. எல்லாவற்றையும் தொடர்ந்து அளப்பது இயலாது. ஆகவே டைஅசிட்டைலை ஓர் அடையாளப் பொருளாகக் கொண்டனர். கலவை அறையில் பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 18 பங்கு, பொட்டலமிடும் பகுதியில் 1.3 பங்கு, ஏனைய இடங்களில் 0.02 பங்கு என்று அதன் சராசரி இருந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் எந்த இடத்தில் எவ்வளவு காலம் உழைத்தார் என்பதை இந்த அளவுகளோடு பெருக்கி, அவர் சுவாசித்த மொத்த அளவை மதிப்பிட்டனர். அவ்வளவு கூடக் கூட அடைப்பும் கூடியது. 2002ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வின் சாரம் இதுதான்.

ஆய்வை நிறுத்துப் பார்ப்போம்

இந்த ஆய்வின் வலிமை எங்கே இருக்கிறது? அளவு கூடினால் தீங்கும் கூடுகிறது என்ற படிநிலை முதல் வலிமை. புகைபிடிக்காதவர்களிடம் பத்து மடங்குக்கு மேல் நோய் காணப்பட்டது இரண்டாவது வலிமை. புகையின் மீது பழியைப் போட்டுவிட்டுப் போவதற்கு அது வழிவைக்கவில்லை.

குறைகளும் உண்டு. முதலாவதாக, இது ஒரு குறிப்பிட்ட காலத்தில் எடுத்த படம். அன்று வேலையில் இருந்தவர்களையே அது காட்டுகிறது. மூச்சு முட்டி வேலையை விட்டு நின்றுவிட்டவர்கள் அந்த 117 பேரில் இல்லை. நோயாளிகள் வெளியேறிய பின் எஞ்சியவர்களை எண்ணினால் நோய் குறைவாகத்தான் தெரியும். ஆகவே இந்தக் குறை ஆய்வின் முடிவைப் பெரிதாக்கிக் காட்டும் குறை அன்று. சிறிதாக்கிக் காட்டும் குறை. ஓர் ஆய்வில் குறை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அக்குறை முடிவை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை.

இரண்டாவதாக, திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்த நோயாளிகள் மிகச் சிலரே. பெரும்பாலோரிடம் மூச்சளவும் நோய்க்குறிகளும் கொண்டே நோய் முடிவு செய்யப்பட்டது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. தலைப்பிலேயே அது மருத்துவக் குறிகளால் அறியப்பட்ட நோய் என்று குறித்தார்கள்.

மூன்றாவது குறைதான் முக்கியமானது. அடையாளப் பொருள் வேறு, காரணப் பொருள் வேறு. திருவிழாக் கூட்டம் கூடும் இடத்தில் எல்லாம் பலூன் வியாபாரி இருப்பார்; கூட்டத்திற்குப் பலூன் காரணம் ஆகாது. டைஅசிட்டைல் மிகுந்த இடத்தில் மற்ற ஆவிகளும் மிகுந்திருக்கும். எது புண்படுத்தியது என்பதை இந்த ஆய்வு ஒன்றைக் கொண்டு மட்டும் கூற முடியாது. கூறியதாக எழுதிய செய்திகள் ஆய்வை மீறிச் சென்றன.

எலியும் மனிதனும்

மக்களிடம் செய்ய முடியாத சோதனையை எலிகளிடம் செய்தனர். 2002இல் வெளியான சோதனையில், வெண்ணெய் மணப்பொருளின் ஆவியை எலிகள் ஆறு மணி நேரம் சுவாசித்தன. அவற்றின் மூக்கிலும் மூச்சுக்குழல்களிலும் மேற்படலச் செல்கள் மடிந்து உதிர்ந்திருந்தன. அப்போதும் கலவை முழுவதும்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றது. 2008இல் டைஅசிட்டைலை மட்டும் தனியே கொடுத்த சோதனைகள் வெளியாயின. எலியிலும் சுண்டெலியிலும் மேற்படலம் சேதமுற்றது. குழல்களைச் சுற்றி அழற்சிச் செல்கள் திரண்டன. மற்ற ஆவிகளின் துணையின்றியே டைஅசிட்டைலால் தீங்கு செய்ய முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று.

எலியில் சேதம் பெரும்பாலும் மூக்கிலும் பெரிய குழல்களிலும் இருந்தது. தொழிலாளரிடமோ அடி ஆழத்துச் சிறுகுழல்களில் இருந்தது. இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி, எலிச் சோதனை மனிதனுக்குப் பொருந்தாது என்று வாதிடலாம். ஆனால் எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. டைஅசிட்டைல் நீரில் எளிதில் கரைவதால் எலியின் மூக்கே அதில் பெரும் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. கடின வேலை செய்யும் மனிதன் வாயால் மூச்சு வாங்குகிறான். அப்போது ஆவி மேலும் ஆழமாகச் செல்லும் என்று கணக்கீடுகள் காட்டின. வேறுபாடு இருந்தது மெய். அதற்கு விளக்கமும் இருந்தது.

வேதியியல் பக்கமும் இதற்குத் துணை நிற்கிறது. டைஅசிட்டைல் மூலக்கூறில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த தொகுதிகள் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த அண்டை வீட்டு அமைப்பு புரதங்களில் உள்ள அர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்ள வல்லது. புரத வேதியியலார் தம் சோதனைக் குழாய்களில் அர்ஜினைனை மாற்றியமைப்பதற்கு டைஅசிட்டைலை நெடுங்காலமாகவே கையாண்டு வந்தனர். சோதனைக் குழாயில் புரதத்தை மாற்றும் பொருள், ஈரமான மேற்படலத்தில் போய்ப் படிந்தால் சும்மா இருக்குமா என்று கேட்பவர் இல்லாமல் போனதுதான் வியப்பு.

உண்ணும்போது ஏன் தீங்கில்லை என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. உணவில் அதன் அளவு குறைவு. கல்லீரலின் நொதிகள் அதை விரைவில் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. மூச்சுக்குழலில் அத்தகைய கோட்டை இல்லை. மெல்லிய மேற்படலமே முதல் அரணும் கடைசி அரணும். பாதுகாப்பானது என்ற பட்டியல் வாய்வழியை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. மூக்குவழியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லாத பட்டியலே மக்களைத் தவறான நம்பிக்கையில் ஆழ்த்திவிட்டது.

2007இல் நெதர்லாந்து நாட்டிலிருந்து மற்றொரு சான்று வந்தது. அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் டைஅசிட்டைல் தயாரிக்கப்பட்டு வந்தது. சோளமும் இல்லை, சோயா எண்ணெயும் இல்லை. அங்கு வேலை செய்த 175 பேரைச் சோதித்ததில் மூவருக்கு இதே நோய் காணப்பட்டது. மூவரும் தயாரிப்பு இயந்திரங்களை இயக்கியவர்கள். அங்கும் வேறு சில வேதிப்பொருள்கள் காற்றில் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஜாஸ்பருக்கும் நெதர்லாந்துக்கும் பொதுவாக இருந்தவை மிகச் சில.

ஜாஸ்பரிலேயே பின்னர் காற்றோட்டம் சீர் செய்யப்பட்டது. கலவைத் தொட்டிகள் தனிப்படுத்தப்பட்டன. காற்றில் டைஅசிட்டைல் பன்மடங்கு குறைந்தது. அதன்பின் வேலையில் சேர்ந்தவர்களிடம் நோய்க்குறிகளும் குறைவாகவே இருந்தன. பொருளை நீக்கினால் தீங்கும் குறைகிறது என்பதைக் காரணத்திற்கான மிக நல்ல அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

சிகரெட்டை முன்வைக்கும் மறுப்பு

இந்த ஆராய்ச்சிக்கு எதிராக எழுப்பப்பட்ட மறுப்புகளில் கூர்மையான ஒன்று உண்டு. சிகரெட் புகையிலும் டைஅசிட்டைல் கணிசமாக இருக்கிறது. 2014இல் வெளியான ஒரு கட்டுரை, புகைப்பவர் சுவாசிக்கும் அளவு சோளப்பொரித் தொழிலாளர் பலர் சுவாசித்ததைவிட அதிகம் என்று கணக்கிட்டது. அப்படியானால் கோடிக்கணக்கான புகைப்பவர்களுக்கு இந்த நோய் ஏன் வரவில்லை என்பது அதன் கேள்வி.

இதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். புகைப்பவர்களின் சிறுகுழல்கள் பழுதின்றி இருப்பதில்லை; அவர்களிடமும் சிறுகுழல்கள் சுருங்கி அடைபடுகின்றன. அதில் எவ்வளவு டைஅசிட்டைலால், எவ்வளவு புகையின் பிற ஆயிரம் பொருள்களால் என்று பிரித்தறிவது கடினம். மேலும் எட்டு மணி நேரம் இடைவிடாது சுவாசிப்பதும், அவ்வப்போது சில இழுப்பு இழுப்பதும் மேற்படலத்திற்கு ஒன்றல்ல. இவ்விடைகள் மறுப்பை முற்றிலும் அடக்கிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புகைபிடிக்காத ஜாஸ்பர் தொழிலாளியின் அடைபட்ட மூச்சை இந்த மறுப்பால் விளக்க முடியாது. அவர் சிகரெட் பிடிக்கவில்லை, தொட்டியருகே நின்றார்.

தவறு எங்கே நேர்ந்தது?

இனி, ஆராய்ச்சியைப் பயன்படுத்திய விதத்திற்கு வருவோம். 1980களின் நடுப்பகுதியில், இண்டியானா மாநிலத்தில் ரொட்டிக் கூடங்களுக்கான மணக் கலவை தயாரித்த தொழிற்சாலையில், புகைபிடிக்காத இளந்தொழிலாளர் இருவருக்குக் கடுமையான நிலைத்த மூச்சடைப்பு ஏற்பட்டது. அதே தேசிய நிறுவனம்தான் விசாரித்தது. நோய் தொழிலோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று கண்டது. ஆனால் குறிப்பிட்ட பொருள் எது என்று காணமுடியவில்லை. 1986இல் அறிக்கை எழுதப்பட்டது. ஜாஸ்பரின் எட்டு நோயாளிகள் வேலை பார்த்த காலம் 1992 முதல் 2000 வரை. அதாவது இண்டியானா அறிக்கைக்குப் பின்னரே அவர்களுள் ஒவ்வொருவரும் அந்தத் தொட்டியருகே சென்றார்கள்.

பெயர் தெரியாத பொருளானாலும், மணப்பொருள் ஆவி ஆபத்தானது என்ற அளவுக்கு அன்றே தெரிந்திருந்தது. தொட்டிக்கு மூடியும், அறைக்குக் காற்றுப்போக்கியும், தொழிலாளிக்கு முகக்கவசமும் அளிப்பதற்கு மூலக்கூறின் பெயர் தேவையில்லை. வீட்டில் புகை சூழ்ந்தால், எந்த விறகு புகைகிறது என்று ஆராய்ந்த பிறகா சன்னலைத் திறக்கிறோம்?

ஒற்றைக் குற்றவாளியைத் தேடும் மனப்போக்கு இன்னொரு பிழையையும் செய்தது. 2007 வாக்கில் பெரிய நிறுவனங்கள் பல டைஅசிட்டைலைக் கைவிட்டன. நல்லதுதான். ஆனால் அதனிடத்தில் சிலர் வைத்த பொருள் 2,3-பென்டேன்டையோன். டைஅசிட்டைலைவிட ஒரு கார்பன் கூடுதல். அடுத்தடுத்து நிற்கும் அதே இரண்டு தொகுதிகள். பொட்டலத்தின் மேல் டைஅசிட்டைல் இல்லை என்று அச்சிட்டால் அது உண்மையே. 2012இல் வெளியான எலிச் சோதனைகள் இந்த மாற்றுப் பொருளும் மேற்படலத்தைக் கொல்வதையும், மூச்சுக்குழல்களில் நார்த்திசு வளரச் செய்வதையும் காட்டின. பெயர் மாறியது, பண்பு மாறவில்லை. ஆராய்ச்சி ஒரு பொருளைச் சுட்டியபோது, அந்தப் பொருளின் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கத் தவறியதன் விளைவு இது.

2016இல் தேசிய நிறுவனம் தன் பரிந்துரையை வெளியிட்டது. எட்டு மணி நேர வேலைக்கு டைஅசிட்டைல் நூறு கோடிப் பங்கு காற்றில் 5 பங்குக்கு மேல் கூடாது என்றது. ஜாஸ்பர் கலவை அறையின் சராசரி இதைப்போல 3,600 மடங்கு. ஆபத்தில்லாதவை என்று எண்ணப்பட்ட ஏனைய இடங்களின் சராசரிகூட நான்கு மடங்கு. அதிலும் அக்காலத்து அளவீட்டு முறை ஈரக்காற்றில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டியது என்பது பின்னர் தெரியவந்தது. மாற்றுப் பொருளுக்கு 9.3 பங்கு என்று வரம்பு சொல்லப்பட்டது. அது குறைந்த நச்சுடையது என்பதால் அன்று. அதற்குக் கீழே நம்பகமாக அளக்க அப்போதைய முறையால் இயலாது என்பதால்தான். எண்ணைப் பார்த்து, 9.3 என்பது 5ஐவிடத் தாராளம், ஆகவே மாற்றுப் பொருள் மேலானது என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

இவையெல்லாம் பரிந்துரைகள், சட்டம் அல்ல. 2007இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இதற்கென ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட் சபையில் அது நிறைவேறவில்லை. கலிபோர்னியா மாநிலம் 2010இல் தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டது. எட்டு நோயாளிகள் பற்றிய தகவல் வந்து பத்தாண்டுகள் ஆகியும், நாடு முழுவதற்குமான கட்டாய வரம்பு பிறக்கவில்லை.

அச்சமும் அளவோடு வேண்டும்

மறு சாராரை நோக்கியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். பத்திரிகைகள் இந்நோய்க்குச் சோளப்பொரி நுரையீரல் என்று பெயர் சூட்டின. கவர்ச்சியான பெயர், ஆனால் தவறான பெயர். நோயைத் தந்தது சோளமும் அன்று, பொரியும் அன்று. தின்றவருக்கு நோய் வந்ததாக இந்த ஆய்வுகள் கூறவில்லை. பல ஆண்டுகள் நாள்தோறும் சூடான பொட்டலங்களைத் திறந்து ஆவியை முகர்ந்த நுகர்வோர் ஒருவருக்கு இத்தகைய நோய் இருந்ததாக 2007இல் ஒரு மருத்துவர் அறிவித்தார். அது கவனத்திற்குரிய தகவல். ஆயினும் ஒரு நோயாளியைக் கொண்டு ஊருக்கே தீர்ப்பு எழுதலாகாது.

பெயரின் தவறு வேறொரு வகையிலும் தீங்கு செய்தது. சோளப்பொரித் தொழிற்சாலையில்தான் இந்த நோய் வரும் என்ற எண்ணத்தை அது உண்டாக்கியது. 2012இல் டெக்சாஸ் மாநிலத்தின் காப்பித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்களிடம் இதே நோய் தென்பட்டது. அங்கே காப்பிக்கு மணப்பொருள் சேர்த்து வந்தனர். பின்னர், மணப்பொருள் ஏதும் சேர்க்காத காப்பிக்கொட்டையை வறுத்து அரைக்கும்போதுகூட டைஅசிட்டைல் இயற்கையாகவே வெளிப்படுகிறது என்று அளந்து காட்டினர். காப்பி குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. மூடிய அறையில் நாள் முழுவதும் பெரும் அளவில் அரைப்பவரின் காற்றைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

மின்சிகரெட் விஷயத்திலும் நிதானம் தேவை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மணமூட்டிய 51 வகைகளைச் சோதித்து 39 வகைகளில் டைஅசிட்டைலைக் கண்டனர். உள்ளிழுக்கும் பொருளில் அது இருப்பதே கண்டனத்திற்குரியது. ஆனால் இருக்கிறது என்பதற்கும், இதனால் இத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதற்கும் இடையே நீண்ட தூரம் உள்ளது. முதலாவது வேதியியல் பகுப்பாய்வு; இரண்டாவது நோய்ப்பரவல் ஆய்வு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக எண்ணுவது பிழை.

2019இல் அமெரிக்காவில் மின்சிகரெட் புகைத்தவர்களிடையே திடீரென்று கடும் நுரையீரல் நோய் பரவியபோது, இதுவும் அதே நோய்தான் என்று பலர் எழுதினர். அது வேறு. நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், 51 பேரில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த நலமான 99 பேரில் ஒருவரிடமும் இல்லை. கஞ்சாச் சத்துக் கலவையைத் தடிமனாக்க அதைச் சேர்த்திருந்தனர். பொருளும் வேறு, பாதிப்பின் தன்மையும் வேறு. இருந்தும் பாடம் ஒன்றே: வைட்டமின் ஈ அசிட்டேட்டும் மாத்திரையிலும் முகப்பூச்சிலும் தீங்கற்றதென்று பெயர் பெற்ற பொருள்தான்.

நீங்கள் கேட்க வேண்டியவை

ஒரு வேதிப்பொருளையும் ஒரு நோயையும் இணைக்கும் செய்தி அடுத்த முறை உங்கள் கண்ணில் படும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். அப்பொருள் உடலுக்குள் எவ்வழியே சென்றது, வாய்வழியா, மூச்சுவழியா? எவ்வளவு, எத்தனை காலம்? அளவு கூடியபோது நோயும் கூடியதா? பொருளை நீக்கியபோது நோய் குறைந்ததா? ஆய்வில் குறை சொல்லப்பட்டால், அக்குறை ஆபத்தைக் கூட்டிக் காட்டுகிறதா, குறைத்துக் காட்டுகிறதா? மாற்றாக வைத்த பொருளை யாராவது சோதித்தார்களா?

டைஅசிட்டைல் ஆராய்ச்சி இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றிற்கு நல்ல விடை தந்தது. ஆராய்ச்சி என்ற முறையில் அதைப் பாராட்டலாம். ஆனால் காலத்தைப் பாருங்கள். 1986இல் இருவர், 2000இல் எட்டுப் பேர், 2008இல் தனிப்பொருள் சோதனை, 2016இல் பரிந்துரை. விஞ்ஞானத்தின் நிச்சயம் படிப்படியாக ஏறி வந்த அந்த முப்பது ஆண்டுகளில், ஒவ்வொரு படியிலும் காற்றுப்போக்கி ஒன்றை நிறுவியிருக்கலாம். ஆய்வுகள் பின்னர் நிறைவு பெற்றன. தழும்பேறிய சிறுகுழல்கள் திறக்கவில்லை.